“நீங்களே கேன்சல் பண்ணிடுங்க” என்று ஃபிளாட் வீட்டுக்காரர் சொன்னால்

கேள்வி: பெங்களூரு பாணஸ்வாடியில் இருக்கிறோம். ஐப்பசியில் மகளுக்கு வளைகாப்பு. மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார் எட்டுப் பேர் வருவதாக இருந்தது. ஓட்டலைவிட மலிவாக இருக்கிறதே என்று ஓர் ஆப்பில், பக்கத்துத் தெருவிலேயே மூன்று பெட்ரூம் ஃபிளாட் ஒன்றை மூன்று இரவுக்குப் பிடித்தேன். ஓர் இரவுக்கு 4,200 ரூபாய் என்று காட்டியது. பணம் கட்டும்போது மொத்தம் 17,134 ஆகிவிட்டது. விசேஷத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில், “பாத்ரூம் பைப் உடைஞ்சிடுச்சு மேடம், நீங்களே கேன்சல் பண்ணிடுங்க, ஃபுல் அமவுன்ட் வந்துடும்” என்று அனுப்பினார். நம்பி கேன்சல் செய்தேன். பாதிகூடத் திரும்பவில்லை. அவசரத்தில் எடுத்த ஓட்டல் ரூம்களுக்கு இரட்டிப்புச் செலவு, சம்பந்தி முன்னால் தலைகுனிவு வேறு. போன பணம் கிடைக்குமா? மாசியில் பேரக் குழந்தைக்குப் பெயர் சூட்டு விழா இருக்கும். இந்த முறை எங்கள் பக்க உறவினரையும் சேர்த்துப் பத்துப் பேர் வெளியூரிலிருந்து வருவார்கள். இனி ஃபிளாட்டே வேண்டாமா, ஓட்டல்தானா?
– ஒரு வாசகி, பெங்களூரு

பதில்: போன பணத்தை முதலில் பார்த்துவிடுவோம். அதில் நாள் கடத்தக் கூடாது.

உங்கள் விஷயத்தில் முடிச்சு ஓரிடத்தில்தான் இருக்கிறது: கேன்சல் பட்டனை அழுத்தியது நீங்கள். ஆப்பின் பதிவில் ‘விருந்தினர் ரத்து செய்தார்’ என்றுதான் இருக்கும். அப்புறம் அந்த வீட்டுக்கு என்ன ரத்து விதி போட்டிருக்கிறதோ அதன்படி பிடித்தம். வீட்டுக்காரர் தன் பக்கத்திலிருந்து ரத்து செய்திருந்தால் முழுப் பணமும் உங்களுக்கு வந்திருக்கும். பெரிய தளங்களில் அப்படி ரத்து செய்யும் வீட்டுக்காரருக்கு அபராதம் உண்டு, அந்தத் தேதிகளை வேறு யாருக்கும் விட முடியாதபடி காலண்டரைப் பூட்டுவதும் உண்டு. அதிலிருந்து தப்பத்தான் “நீங்களே பண்ணிடுங்க” என்கிற கனிவு. பைப் நிஜமாகவே உடைந்திருக்கலாம்; அதே தேதியில் பத்து நாள் தங்க வேறு ஆள் கிடைத்திருக்கலாம். எதுவானாலும் பதில் ஒன்றுதான்: “உங்க பக்கத்துலயே கேன்சல் பண்ணுங்க சார்.” அவர் செய்ய மறுத்தால் அந்த உரையாடலோடு ஆப்பின் உதவி எண்ணுக்குப் போக வேண்டுமே தவிர, பட்டன் பக்கமே கை போகக் கூடாது.

சரி, அழுத்தியாகிவிட்டது. அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களிடம் இருக்கிறது என்பதுதான் இப்போது பலம். அதைத் தேதி, நேரம், அவருடைய எண் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உரையாடல் முழுவதையும் வாட்ஸ்அப்பில் உள்ள ‘எக்ஸ்போர்ட் சாட்’ வழியாக உங்கள் மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். ஃபிளாட் பதிவு ரசீது, திரும்பி வந்த தொகை தெரியும் வங்கிப் பதிவு, கடைசி நேரத்தில் எடுத்த ஓட்டலின் பில் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

அடுத்து ஆப்பின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். சாட்டில் ‘வருந்துகிறோம்’ என்று பதில் சொல்கிறவர் வேறு, இவர் வேறு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி ஒவ்வொரு தளமும் இந்த அதிகாரியின் பெயரையும் தொடர்பையும் வெளியிட்டே ஆக வேண்டும். அவர் உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்த வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மெயிலில் கதை வேண்டாம். பதிவு எண், கட்டிய தொகை, வந்த தொகை, வீட்டுக்காரர் சொல்லித்தான் ரத்து செய்தேன் என்ற ஒரு வரி, இணைப்புகள், ‘மீதித் தொகை இவ்வளவு வேண்டும்’ என்ற கோரிக்கை. அவ்வளவு போதும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் அதே நாளில் வங்கியிலும் ‘டிஸ்ப்யூட்’, அதாவது இந்தக் கட்டணத்தை ஏற்கவில்லை என்ற புகார், எழுப்பிவிடுங்கள். யுபிஐயில் கட்டியிருந்தால் அந்த வழி கிட்டத்தட்ட இல்லை.

ஒரு மாதத்தில் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவு செய்யும் புகார் நிறுவனத்துக்கே நேராகப் போகும். இந்த அளவு தொகைகள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வாய்ப்பு அதிகம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வழக்கு. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு வரை அவகாசம். எதிர்த்தரப்பாக ஆப்பையும் வீட்டுக்காரரையும் சேர்த்தே போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். ஆப்பின் நிபந்தனைகளில் ‘ஆர்பிட்ரேஷன்’ (தகராறை நடுவர் மூலமே தீர்க்க வேண்டும்) என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நுகர்வோர் சட்டத்தின் தீர்வு மற்றச் சட்டங்களுக்கு மேலதிகமானது என்று 2019 சட்டத்தின் 100ஆவது பிரிவே சொல்கிறது.

ஒளிக்காமல் சொல்கிறேன்: பிடித்த பணம் திரும்ப வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஓட்டலுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் ஆணையம் வரை போனால்தான், அதுவும் அவர்கள் மனம் வைத்தால்தான். தலைகுனிவுக்கு நஷ்ட ஈடு கேட்கலாம், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

இனி அந்த 4,200 எப்படி 17,134 ஆனது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய ரசீதில் எல்லாம் இருக்கிறது, அடியில் சின்ன எழுத்தில். மூன்று இரவு வாடகை 12,600. துப்புரவுக் கட்டணம் 1,500. இரண்டும் சேர்ந்த 14,100க்குத் தளத்தின் சேவைக் கட்டணம் 14 சதவீதம், அதாவது 1,974. வாடகைக்கும் துப்புரவுக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி 705. சேவைக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 355. ஆக, இரவு ஒன்றுக்கு 5,711. முதல் பக்கத்தில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கூட்டும் இந்த வேலைக்கு ‘டிரிப் பிரைசிங்’ என்று பெயர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று. புகாரில் இதையும் ஒரு வரி சேருங்கள்.

துப்புரவுக் கட்டணம் ஓர் இரவானாலும் பத்து இரவானாலும் அதே 1,500தான். அதே ஃபிளாட்டை ஓர் இரவுக்கு மட்டும் எடுத்திருந்தால் இதே கணக்கில் 6,927 ஆகியிருக்கும். ஓர் இரவுத் தங்கலுக்கு ஃபிளாட் பெரும்பாலும் நஷ்டமாவது இதனால்தான். இரண்டே பேர் என்றால் இன்னும் மோசம். 2,400 ரூபாய் ஒரு பெட்ரூம் ஃபிளாட்டும் 900 துப்புரவும் சேர்ந்தால் கைக்கு 4,010 ஆகும். காலை உணவோடு 2,800 ரூபாய் ஓட்டல் ரூம் வரியோடு 2,940தான். ஆனால் உங்களுக்கு எட்டுப் பேர். அதே 2,800 ரூபாய் ரூம் மூன்று, கூடுதல் ஆள் இருவருக்குத் தலைக்கு 900, ஐந்து சதவீத வரி என்று போட்டால் இரவுக்கு 10,710, மூன்று இரவுக்கு 32,130. ஆக, நீங்கள் ஃபிளாட் தேடியதில் தப்பே இல்லை, கணக்கு சரியானதுதான்.

வரியில் ஒரு பள்ளம் இருக்கிறது, பெரிய ஃபிளாட் தேடுகிறவர்கள் அடிக்கடி விழுவது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள தங்குமிடத்துக்கு 5 சதவீதம், அதற்கு மேல் போனால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம். ஓட்டலில் ஒவ்வொரு ரூமும் தனிக் கணக்கு. ஃபிளாட் மொத்தமும் ஒரே கணக்கு. 7,400 ரூபாய் ஃபிளாட் வரியோடு 7,770, 7,800 ரூபாய் ஃபிளாட் 9,204. நானூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்து நானூறைத் தாண்டிவிடுகிறது. பத்துப் பேருக்கு நான்கு பெட்ரூம் வில்லா பார்க்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும். வீட்டுக்காரரிடம் ஜிஎஸ்டி எண் இல்லையே, எனக்கு ஏன் வரி என்று கேட்காதீர்கள். அப்படிப்பட்டவர்கள் சார்பில் தளமே வரியை வசூலித்துக் கட்ட வேண்டும் என்பதுதான் சட்டம்.

ஆக, விலையை மட்டும் பார்த்தால் கூட்டத்துக்கு ஃபிளாட்தான் ஜெயிக்கும். ஆனால் ஃபிளாட் என்பது ஒற்றைச் சாவி. அது கைவிட்டால் கொடுக்க அவர்களிடம் இன்னொன்று இருக்காது. ஓட்டலில் 204இல் தண்ணீர் வரவில்லை என்றால் 307க்கு மாற்றுவார்கள். ரிசப்ஷனில் நின்று சத்தம் போட ஓர் ஆளாவது இருப்பார். எனவே நான் பார்க்கச் சொல்வது இதைத்தான்: அந்தத் தேதி நகருமா? முகூர்த்தம், ஆபரேஷன், பரீட்சை என்று தேதி கட்டிப்போட்ட காரியமானால் ஓட்டல். ஊர் சுற்ற, சமைத்துச் சாப்பிட்டு ஒரு வாரம் இருக்க வருகிறார்கள் என்றால் ஃபிளாட். வளைகாப்புக்கு, அதுவும் சம்பந்திக்கு, நீங்கள் ஃபிளாட்டை நம்பியதுதான் சிக்கல்.

ஃபிளாட்டே எடுப்பதானாலும் பணம் கட்டுமுன் ஆப்பின் சாட்டிலேயே சில கேள்விகளைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போனிலோ வாட்ஸ்அப்பிலோ வேண்டாம். தகராறு வந்தால் தளம் முதலில் தன் சாட்டைத்தான் பார்க்கும்.

முதல் கேள்வி கேட்டைப் பற்றி. பெங்களூரு அடுக்ககங்களில் வாசல் செக்யூரிட்டி கையில் ஒரு டேப்லெட் இருக்கும். வீட்டுக்காரர் போனிலிருந்து அப்ரூவ் செய்தால்தான் தடுப்பு தூக்கும். மதுரை ஆம்னி பஸ் மடிவாளாவில் விடியற்காலை ஐந்தரைக்கு இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டோ பிடித்து வந்தால் வீட்டுக்காரர் தூக்கத்தில் இருப்பார், உங்கள் சம்பந்தி பெட்டியோடு கேட்டில் நிற்பார். “எல்லார் பேரையும் முந்தின நாளே கேட் ஆப்பில் போட்டுவிடுவீர்களா? செக்-இன் நேரத்துக்கு முன் வந்தால் பெட்டி வைக்க இடம் உண்டா?” என்று கேளுங்கள். பதிலில் “கேட்ல கேட்டா என் சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க” என்று வந்தால் அந்த வீட்டை அப்படியே விட்டுவிடுங்கள். அசோசியேஷன் குறுகிய நாள் வாடகையைத் தடை செய்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நடு ராத்திரியில் செக்ரெட்டரி வந்து கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் போனை எடுக்க மாட்டார்.

இரண்டாவது கீசர். சிரிப்பாகத் தோன்றும், விசேஷக் காலையில் மானம் போவது இங்கேதான். பல ஃபிளாட்டுகளில் இருப்பது 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர். ஒரு தடவை சூடானால், பச்சைத் தண்ணீர் கலந்து சுமார் 30 லிட்டர் குளிக்கும் சூட்டில் கிடைக்கும்: இரண்டு வாளி. அடுத்த சூட்டுக்கு இருபது நிமிடம். இரண்டு பாத்ரூம், எட்டுப் பேர் என்றால் கடைசி ஆள் குளித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் என்றால் வாளி நிறைவதற்குள் பொறுமை போய்விடும். ஆகவே ‘கீசர் இருக்கா’ என்று கேட்காதீர்கள்; ‘எத்தனை பாத்ரூமில், எத்தனை லிட்டர்’ என்று கேளுங்கள். கூடவே, ‘பவர் பேக்கப்பில் கீசர் ஓடுமா’ என்றும். பெரும்பாலும் ஓடாது. ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஃபிளாட்டுக்கு லைட், ஃபேன் அளவுக்குத்தான் கொடுத்திருப்பார்கள். கரண்ட் போன நேரத்தில் கீசரைப் போட்டால் டிரிப் ஆகிவிடும்.

படுக்கைக் கணக்கில் ‘எட்டுப் பேர் தங்கலாம்’ என்பதற்குப் பல சமயம் அர்த்தம் மூன்று கட்டில், இரண்டு தரை மெத்தை. முட்டி வலிக்காரர் யாருக்கு எந்த ரூம் என்று முன்பே முடிவு செய்ய ஒவ்வொரு பெட்ரூமின் படமும், டாய்லெட்டின் படமும் கேளுங்கள். லிஃப்ட், கேஸ் சிலிண்டர், அசைவம் சமைக்கலாமா என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது.

விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். புதியது முதலில் வரும்படி மாற்றிக்கொண்டு தண்ணீர், கேட், வாடை, சத்தம் ஆகிய சொற்களைத் தேடுங்கள், ஆங்கிலத்தில். இன்னொன்று: பதிவு செய்து முடிக்கும்வரை பல தளங்கள் வரைபடத்தில் ஒரு வட்டத்தைத்தான் காட்டும். பாணஸ்வாடி என்று போட்டிருக்கும் வீடு ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இருக்கலாம். பக்கத்தில் எந்தக் கோயில், எந்தக் கடை என்று சாட்டில் கேட்டால் தெரிந்துவிடும்.

முன்பணம், டெபாசிட், ‘ஆப்புக்கு வெளியே கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடி’ எதுவாக இருந்தாலும் தனி யுபிஐ எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். தளத்தின் வழியாகக் கட்டிய பணத்துக்குத்தான் தளம் பொறுப்பு. அனுப்பிவிட்டு ஏமாந்தது தெரிந்தால் அந்த மணி நேரத்திலேயே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும்; தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு போய்விடும்.

இப்படியெல்லாம் சொல்வதால் ஓட்டல் சுத்தத் தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆப்பில் ஓட்டல் ரூம் போட்டுப் போய் நின்றால் “எங்களுக்கு அப்படி புக்கிங் வரலையே” என்பது பழைய கதை. ஆப் தரும் பதிவு எண் வேறு, ஓட்டல் தன் ரெஜிஸ்டரில் போடும் எண் வேறு. பதிவு செய்த மறுநாள் ஓட்டலுக்கே போன் செய்து, பெயர் சொல்லி, அவர்களுடைய கன்ஃபர்மேஷன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ‘பே அட் ஓட்டல்’ (பணத்தை ஓட்டலில் போய்க் கட்டும்) பதிவுகள் கூட்டம் அதிகமான நாளில் முதலில் கழன்றுபோகும். முகூர்த்த நாளில் அதை நம்பாதீர்கள். ரூம் இல்லை என்று கைவிரித்தால் ரிசப்ஷனை விட்டு நகராமல், இதே தரத்தில் பக்கத்து ஓட்டலில் அவர்கள் செலவில் ரூம் போட்டுத் தரும்படி மேனேஜரிடம் கேளுங்கள். வெளியே வந்துவிட்டால் உங்கள் பேச்சுக்கு மதிப்பில்லை.

விலைக்கும் நேரடி போன் உதவும். ஆப்பில் உள்ளதைவிடக் குறைவாகத் தங்கள் தளத்தில் விற்கக் கூடாது என்று ஓட்டல்களைக் கட்டிப்போட்ட ஒப்பந்தங்களுக்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நான்கு ரூமுக்கு மேல் என்றால் ஓட்டலின் சேல்ஸ் ஆளிடமே பேசுங்கள். விலை குறையாவிட்டாலும் காலை உணவோ, சீக்கிர செக்-இன்னோ கிடைக்கும். பெங்களூரில் கம்பெனிக்காரர்களை நம்பி நடக்கும் ஓட்டல்கள் வெள்ளி முதல் ஞாயிறு வரை காலியாக இருக்கும். வாரக் கடைசி விசேஷத்துக்கு அங்கே பேரம் படியும். ஃபிளாட்டுகள் நேர்மாறு, வாரக் கடைசியில்தான் ஏற்றுவார்கள்.

மாசிக்கு வருவோம். உங்களுக்கு இன்னும் தேதியே இல்லை. குழந்தைதான் தேதி சொல்ல வேண்டும். எனவே இப்போது எதையும் பதிவு செய்யாதீர்கள், ‘திரும்பத் தரப்படாது’ என்று பத்து சதவீதம் குறைத்துக் காட்டும் விலையைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். பாணஸ்வாடி, கம்மனஹள்ளி, கல்யாண் நகர் பக்கம் இரண்டு ஓட்டல்களை நேரில் போய்ப் பார்த்து வையுங்கள், பாத்ரூம் உட்பட. பிரசவமான அன்றே, இலவச ரத்து உள்ள ரூம்களைப் போட்டுவிடுங்கள். ரத்துக் கெடு எந்த நாள், எத்தனை மணி என்று பார்த்து போனில் அலாரம் வையுங்கள். ஃபிளாட்டும் எடுப்பதானால் ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் ‘ஃபிளெக்சிபிள்’ என்றிருந்தால் செக்-இன்னுக்கு 24 மணி நேரம் முன்புவரையும், ‘மாடரேட்’ என்றிருந்தால் ஐந்து நாள் முன்புவரையும் முழுப் பணம் திரும்பும். மற்ற விதிகள் உங்களுக்கு ஒத்துவராது.

பத்துப் பேரையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டியதில்லை. சம்பந்தி வீட்டாரை ஓட்டலில், ஒரே மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்து ரூம்களாகக் கேட்டுப் போடுங்கள். உங்கள் அண்ணன், தங்கை குடும்பங்களை ஃபிளாட்டில் வையுங்கள். பச்சைத் தண்ணீரில் குளிக்க நேர்ந்தால் நம் ஆட்கள் திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். சம்பந்தி திட்ட மாட்டார், மறக்கவும் மாட்டார்.

சம்பந்தி வீட்டாரை ஆம்னி பஸ்ஸுக்குப் பதில் மதுரை வந்தே பாரத்தில் வரச் சொல்லுங்கள். கன்டோன்மென்டுக்கு மதியம் ஒரு மணி வாக்கில் வரும், செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது. ஓட்டல் செக்-இன் நேரமும் அந்த மதிய வேளைதான். விடியற்காலை ரூமுக்காக அரை நாள் வாடகை கொடுக்க வேண்டியதில்லை. பஸ்ஸில்தான் வருவார்கள் என்றால் 24 மணி நேரக் கணக்கில் ரூம் தரும் லாட்ஜாகப் பாருங்கள். காலை ஆறுக்கு நுழைந்தால் மறுநாள் காலை ஆறு வரை.

பதிவை உங்கள் பெயரில் போடாமல், தங்கப் போகிறவர் ஒருவர் பெயரில் போடுங்கள். உள்ளூர் ஆதாரைக் காட்டினால் ரூம் தர மறுக்கும் ஓட்டல்கள் உண்டு, பிறருக்காகப் பதிவதை ஏற்காத ஆப்புகளும் உண்டு. பெரியவர்கள் எல்லோரும் அசல் அடையாள அட்டை எடுத்துவரட்டும்; பான் கார்டில் முகவரி இல்லாததால் அது செல்லாது. யாராவது வாட்ஸ்அப்பில் ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை அனுப்புங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் யாராவது வந்தால், அவரை ஓட்டலிலேயே வையுங்கள். அவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு இடம் கொடுப்பவருடையது. ஓட்டல்காரர் அதை வழக்கமாகச் செய்வார், ஃபிளாட்காரர் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.